மட்டாஞ்சேரி கல்யாணமும் என் ஃப்ளாஷும்

போன மாசம் இங்கே நியூ ஜெர்சியில ஒரு நண்பர் வீட்டு வளைகாப்பு. பேஸ்மென்ட்ல நாப்பது பேர், அஞ்சு வகை கலந்த சாதம், ஒரு மூலையில ஊர்லேருந்து ஆறு மாச விசாவுல வந்த அம்மாக்கள் மாநாடு. எல்லாம் வழக்கம் போலத்தான். ஒரு தம்பி புத்தம் புது மிர்ரர்லெஸ் காமிரா வச்சிருந்தார். தலையில ஒரு ஃப்ளாஷ். அதை நேரா அந்தப் பொண்ணு முகத்துக்கு நீட்டி பளிச், பளிச், பளிச். வளையல் ஒண்ணுக்கு மூணு பளிச்.

பொண்ணோட பாட்டி பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. ஒவ்வொரு பளிச்சுக்கும் முந்தானையைத் தூக்கிக் கண்ணை மறைச்சுக்கிட்டாங்க. யாரும் கவனிக்கலை. நான் கவனிச்சேன். ஏன்னா இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். அந்தத் தம்பி இடத்துல நின்னவன் நான். இடம் மட்டாஞ்சேரி. வருஷம் 2007. தங்கமணி என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ஆரம்பிச்சுட்டீங்களா கொசுவத்தியை?"ன்னாங்க. ஆமா, சுத்தத்தான் போறேன்.

எங்க பெரியப்பா (அம்மாவோட அக்கா வீட்டுக்காரர்) செங்கோட்டைக்காரர். 1968-ல மலையைத் தாண்டி ரயிலேறி கொச்சிக்கு வந்தவர், மட்டாஞ்சேரியில ஒரு மிளகு வியாபாரியோட கிட்டங்கியில கணக்கெழுதப் போனார். அப்படியே அங்கேயே தங்கிட்டார். யூதத் தெருவுல அப்பெல்லாம் மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டை அடுக்காத வாசல் கிடையாதாம். 1957-லேருந்து மிளகுக்கு முன்பேர வணிகமே அங்கே நடந்திருக்கு. ஒரு ஹாலுக்குள்ள நின்னு வியாபாரிகள் விலையைக் கத்துவாங்களாம். "சந்தைக்கடை இரைச்சல்னா என்னன்னு அங்கதாம்ல கேக்கணும்"பார் பெரியப்பா. நான் போன சமயம் மூட்டைகள் குறைஞ்சு, பழைய மரச்சாமான் கடைகளும் வெள்ளைக்காரங்களும் தெருவை நிறைச்சிருந்தாங்க. ஆனா சுவரோரம் மூக்கை வச்சா சுக்கு வாசனை மட்டும் போகலை.

மட்டாஞ்சேரியில நம்மாளுங்க ஒண்ணும் அபூர்வம் இல்லை. கொங்கணிக்காரங்க, குஜராத்திகள், கட்ச் பக்கத்து மேமன்கள், யூதர்கள்னு எல்லாரும் வந்து சேர்ந்த ஊர்ல தமிழன் மட்டும் வராம இருப்பானா? கொஞ்ச தூரத்துல ஃபோர்ட் கொச்சி வெளியில இருக்கிற சலவைத்துறையில தலைமுறை தலைமுறையா துவைக்கறவங்க தமிழ்க் குடும்பங்கள்தான். இன்னமும் அரிசிக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில தேய்க்கறதுக்கு அந்த இடம் பேர்போனது. இந்தக் கஞ்சி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

பெரியப்பா பொண்ணு, என் தங்கச்சிக்குக் கல்யாணம். மூணு வருஷத்துல நான் ஊர்ப்பக்கம் போறது அதான் முதல் தடவை. போகும்போது வெறுங்கையோட போகலை. நிக்கான் டி70 ஒண்ணு, எஸ்பி-600 ஃப்ளாஷ் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மாச வாடகை. அப்ப ஃப்ளாஷை எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்லித் தர்றதுக்கு இணையத்துல ஒரு கூட்டமே கிளம்பியிருந்துச்சு. பால்டிமோர்ல பத்திரிகைப் புகைப்படக்காரரா இருந்த டேவிட் ஹாபி 2006-ல 'ஸ்ட்ரோபிஸ்ட்' ஆரம்பிச்சு, உலகம் பூரா ஆபீஸ்ல பொட்டி தட்டுற பயலுகளை எல்லாம் குடையும் ஸ்டாண்டுமா அலைய விட்டிருந்தார். நானும் அந்த ஜாதிதான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சு, தலை முழுக்க அறிவு. கையில அனுபவம் சைபர்.

கல்யாணத்துக்கு முந்தி நிச்சயதார்த்தம், வீட்டுலேயே சாயங்காலம். பழைய வீடு. கூடத்துக்கு மேல மரப்பலகை போட்ட மச்சு, நூறு வருஷப் புகை ஏறி அட்டைக் கறுப்பு. சுவருக்கு வெளிர் பச்சைச் சுண்ணாம்பு. நடுவுல ஒரு டியூப்லைட், ஒரு மஞ்சள் குண்டு பல்பு, குத்துவிளக்கு. அவ்வளவுதான் வெளிச்சம்.

படிச்சது ஞாபகம் வந்துச்சு. "ஃப்ளாஷை நேரா அடிக்காதே, கூரையில அடி. வெளிச்சம் பட்டுத் திரும்பி மெத்துன்னு விழும்." தலையை மேல திருப்பி அடிச்சேன். திரையைப் பார்த்தா இருட்டு. கறுத்த மரம் வெளிச்சத்தை முழுங்கிடுச்சு. கொஞ்சநஞ்சம் திரும்பி வந்ததும் மரத்தோட கலர்ல பழுப்பா வந்துச்சு. சரி, சுவர்ல அடிப்போம்னு பக்கவாட்டுல திருப்பினேன். இப்ப வெளிச்சம் வந்துச்சு, பச்சையா! மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் பாதி முகம் பச்சை. எங்க பெரியம்மாவுக்கு மூக்கு வரைக்கும் பச்சை. மொத்தக் குடும்பமும் கதகளிக்குப் பச்சை வேஷம் கட்டின மாதிரி இருந்துச்சு.

வேற வழி? அமெரிக்க அறிவை மூட்டை கட்டி வச்சுட்டு, நேரா முகத்துக்கே அடிக்க ஆரம்பிச்சேன். ஐ.எஸ்.ஓ. 200, எஃப்/8, 1/125. முன்னால நிக்கிறவங்க வெள்ளைவெளேர், பின்னால நிக்கிறவங்க இருட்டுல. நடுராத்திரி ஹெட்லைட்ல மாட்டுன ஆளுங்க மாதிரி எல்லாரும் முழிக்கறாங்க. இருந்தாலும் தெளிவா இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டு முந்நூறு படம் அடிச்சுத் தள்ளினேன்.

பெரியப்பாவோட அம்மா, நாங்க எல்லாரும் ஆச்சின்னு கூப்பிடுவோம். அப்ப எண்பதுக்கு மேல. கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடிதான் ரெண்டாவது கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு. பேத்தி கல்யாணத்தைக் கண்ணால பார்த்துடணும்னு ஆச்சியே பிடிவாதம் பிடிச்சுப் பண்ணிக்கிட்டது. நாலு வருஷமா எல்லார் முகமும் பனி மூடுன மாதிரி இருந்ததுன்னும், இப்பதான் துடைச்சு வச்ச மாதிரி தெரியுதுன்னும் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்ததும் பெரியவங்க முன்னாடி மரியாதைக்காகக் கறுப்புக் கண்ணாடியையும் கழட்டி வச்சுட்டாங்க.

தட்டு மாத்தியாச்சு. ஆச்சி தங்கச்சியைக் கிட்ட கூப்பிட்டாங்க. தன் கழுத்துல கிடந்த ரெட்டை வடச் சங்கிலியைக் கழட்டினாங்க. கை நடுங்குது. தங்கச்சி குனிஞ்சா. ஆச்சி அவ தாடையைப் பிடிச்சு நிமிர்த்தி, முகத்தை உத்துப் பார்த்தாங்க. நான் ஒரு எட்டு முன்னாடி வச்சு, பளிச். இன்னொண்ணு, பளிச். ஆச்சி கண்ணை இறுக்கி மூடினாங்க. திறந்தாங்க. திரும்பவும் பளிச்.

"ஏல ஐயா, அந்த மின்னலைக் கொஞ்சம் நிறுத்துதியா? கண்ணுக்குள்ள பச்சப் பச்சயா நிக்கி. பிள்ளை மொகமே தெரியலையே."

கோபமாச் சொல்லலை. கெஞ்சுற குரல்ல சொன்னாங்க. கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. "அமெரிக்காவுலேருந்து வந்த பிள்ளை, ரெண்டு போட்டோ எடுத்துட்டுப் போட்டும் ஆச்சி"ன்னு யாரோ எனக்கு வக்காலத்து வேற. நானும் சிரிச்சேன். ஆச்சி கையால தடவித் தடவித்தான் அந்தச் சங்கிலியை அவ கழுத்துல போட்டாங்க. சரியா அந்த நொடியில நான் கடைசியா ஒரு தடவை அமுக்கினேன். ஃப்ளாஷ் வேலை செய்யலை. வரிசையா அடிச்சதுல அதுக்குள்ள மின்சாரம் திரும்ப நிரம்பலை. படம் கறுப்பு.

அன்னைக்கு ராத்திரி ஆச்சி சொன்னதைவிட அந்தக் கறுப்புப் படம்தான் எனக்குப் பெரிய வருத்தமா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்ல.

மறுநாள் பெரியப்பா என்னை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனார். மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துகீசியர்கள் 1555 வாக்குல கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663-க்கு அப்புறம் டச்சுக்காரங்க செப்பனிட்டதால டச்சு அரண்மனைன்னு பேர் ஒட்டிக்கிச்சு. சுவர் முழுக்க ராமாயண ஓவியம். வாசல்லேயே காமிராவைப் பைக்குள்ள வைக்கச் சொல்லிட்டாங்க. ஒரு ஃப்ளாஷ் வெளிச்சம் பழைய சாயத்தை எவ்வளவு கெடுக்கும்ங்கறதுல நிபுணர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனா அன்னைக்குக் கையில காமிரா இல்லாததால எனக்கு ஒண்ணு நடந்துச்சு. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் கண்ணு பழகப் பழக, காவியும் பச்சையுமா உருவங்கள் ஒவ்வொண்ணா சுவர்லேருந்து வெளியே வந்துச்சு. அந்த ரெண்டு நிமிஷத்தை எந்தப் பளிச்சும் தராது.

சாயங்காலம் கதகளி. மேடைக்கு முன்னால பெரிய பித்தளை விளக்கு, ஆட்டவிளக்குன்னு சொல்றாங்க. தேங்காயெண்ணெய், ரெண்டு திரி. ஆடறவர் பக்கம் இருக்கிற திரி கொஞ்சம் தடிமன்னு பெரியப்பா சொன்னார். மின்சாரம் வர்றதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க அந்த ஒரே விளக்கு வெளிச்சத்துலதான் ஆட்டம். அந்தப் பச்சை முகம், வெள்ளை சுட்டி, சுண்டப்பூவோட விதையைக் கண்ணுக்குள்ள வச்சு சிவக்க வச்ச கண்ணு எல்லாமே அந்த எண்ணெய் வெளிச்சத்துக்குத் தோதாக் கட்டினது. ஆடறவரோட புருவம் லேசா அசையுது, நிழலும் கூட அசையுது. என் முன் வரிசையில ஒரு சுற்றுலாப் பயணி ஃப்ளாஷ் அடிச்சார். ஒரு நொடிதான். அர்ஜுனன் மறைஞ்சு, முகத்துல பெயின்ட் பூசின ஒரு நடுத்தர வயசு மனுஷன் அங்கே நின்னார். அடுத்த நொடி என் கண்ணுக்குள்ள ஒரு பச்சை வட்டம். அஞ்சாறு நொடி அவரோட கண்ணசைவே எனக்குத் தெரியலை.

ஆச்சி சொன்னது அப்பதான் மண்டையில ஏறுச்சு. இருட்டுக்குப் பழகி விரிஞ்ச கண்ணுல திடீர்னு அவ்வளவு வெளிச்சம் விழுந்தா, பார்வை திரும்ப நிதானத்துக்கு வர நேரம் ஆகும். வயசான கண்ணுக்கு இன்னும் அதிகம் ஆகும். நாலு வருஷம் கழிச்சுத் தெளிவாத் தெரிஞ்ச ஒரு முகத்தை, அதை உத்துப் பார்க்கணும்னு ஆசைப்பட்ட அந்த நொடியில, நான் மறைச்சுட்டேன். நடக்கறதைப் பதிவு பண்ணத்தான் காமிரா. நான் நடக்கவிடாமலேயே பண்ணிட்டேன்.

கல்யாணம் பக்கத்துலேயே ஒரு சின்ன மண்டபம். ஓட்டுக்கூரை, உத்தரம் எல்லாம் தெரியுது, தட்டு கிடையாது. படம் எடுக்க ஊர்க்காரர் ஒரு சேட்டனை ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். என் காமிராவைவிட ரொம்பப் பழைய காமிரா வச்சிருந்தார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துட்டு முழிக்கறதைக் கவனிச்சுட்டுச் சிரிச்சார். "மோனே, கூரை இல்லெங்கில் நம்ம ஒரு கூரை உண்டாக்கணும்"னார். பெரியப்பாகிட்ட போய் ஏதோ மலையாளத்துல கேட்டார். பெரியப்பா உள்ள போய் ஒரு எட்டு முழ வேட்டியைக் கொண்டு வந்தார். வெளி சலவைத்துறையிலேருந்து கஞ்சி போட்டுத் தேச்சு வந்தது, காகிதம் மாதிரி விறைப்பா, கண்ணு கூசற வெள்ளை. ரெண்டு பொடிப்பயலுகளைப் பிடிச்சு, வேட்டியை எங்களுக்குப் பின்னால பக்கவாட்டுல திரை மாதிரி பிடிக்கச் சொன்னார். ஃப்ளாஷோட தலையை மணமேடைப் பக்கம் இல்லாம வேட்டிப் பக்கம் திருப்பினார். அடிச்சார்.

என் காமிராவுலயும் அப்படியே பண்ணினேன். திரையைப் பார்த்தா என்னால நம்ப முடியலை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கற மாதிரி வெளிச்சம். தங்கச்சியோட மாநிறம் மாநிறமாவே இருந்துச்சு. பட்டுச்சேலையில ஜரிகை வெள்ளையா எரியாம ஜரிகையாவே மின்னுச்சு. பெரியப்பா நெத்தியில விபூதிக்குப் பக்கத்துல வேர்வைப் பளபளப்பு இல்லை. முக்கியமா, மேடையில யாரும் கண்ணைச் சுருக்கலை. ஆச்சி முதல் வரிசையில, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்திருந்தாங்க.

சேட்டன் அன்னைக்குச் சொன்ன ஒண்ணை நான் மறக்கலை. கறுப்பான ஆளை வெளுப்பாக் காட்டுறதுக்குக் காசு வாங்கறவங்க இருக்காங்க, அது வேலை இல்லை, கறுப்பைக் கறுப்பா, ஆனா உயிரோட காட்டணும், அதான் வேலைன்னார். நேரடி ஃப்ளாஷ் முகத்தோட மேடு பள்ளத்தை எல்லாம் தட்டையாக்கி வெளுக்க வைக்கும். பக்கத்துலேருந்து வர்ற மெத்தான வெளிச்சம்தான் நம்ம நிறத்துல இருக்கற அழகைக் காட்டும்.

இந்தப் பளிச் வியாதி ஒண்ணும் புதுசு இல்லை. 1887-ல ஜெர்மனியில மீத்தேயும் கேடிக்கேயும் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கற முறையைக் கொண்டு வந்தாங்க. புகையும் நெருப்புமா கண்டம்தான். 1929-ல கண்ணாடிக் குமிழுக்குள்ள அடைச்ச ஃப்ளாஷ் பல்பு கடைக்கு வந்துச்சு. 1931 வாக்குல எம்.ஐ.டி.யில ஹெரால்ட் எட்கர்ட்டன் மின்சார ஃப்ளாஷை உருவாக்கினார். அதோட வாரிசைத்தான் இன்னைக்கு நாம தலைக்கு மேல மாட்டிக்கிட்டு அலையறோம். கருவி மாறிக்கிட்டே வந்துச்சு. எங்கே திருப்பணும்ங்கற புத்தி மட்டும் ஒவ்வொருத்தருக்கும் புதுசாத்தான் வரவேண்டியிருக்கு.

வளைகாப்பு முடிஞ்சதும் அந்தத் தம்பியைக் காபியோட ஓரமா உட்கார வச்சு நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கறேன். நம்ம வீட்டு விசேஷங்களுக்கு இவ்வளவு போதும்.

1. முதல்ல அண்ணாந்து பாருங்க. எட்டடி உயரத்துல வெள்ளைக் கூரை இருக்கற அமெரிக்க பேஸ்மென்ட் ஃப்ளாஷுக்குச் சொர்க்கம். தலையை மேல, கொஞ்சம் உங்களுக்குப் பின்பக்கமாத் திருப்புங்க. நேர் மேல அடிச்சா கண்ணுக்குக் கீழே குழி விழும். பள்ளிக்கூட ஆடிட்டோரியம் மாதிரி உயரமான, கறுப்புக் கூரைன்னா அது மட்டாஞ்சேரி மச்சுதான், முயற்சியே வேண்டாம். வெள்ளைச் சுவர் தேடுங்க. இல்லைன்னா வேட்டி. பச்சை, பிங்க் சுவர் பக்கமே போகாதீங்க.

2. வெளிச்சம் தூரத்துல வேகமாச் சாகும். ரெண்டு மடங்கு தூரம் போனா கால்வாசி, மூணு மடங்கு போனா ஒன்பதுல ஒரு பங்கு. அதனாலதான் நேர் ஃப்ளாஷ்ல பந்தியில முதல் இலைக்காரர் வெள்ளைப் பேய், கடைசி இலைக்காரர் இருட்டு. குரூப் போட்டோன்னா எல்லாரும் ஃப்ளாஷ்லேருந்து ஏறக்குறைய ஒரே தூரத்துல நிக்கற மாதிரி பார்த்துக்கோங்க.

3. ஃப்ளாஷோட பலத்தைச் சொல்ற எண் ஒண்ணு உண்டு, கைடு நம்பர். அதை எஃப் எண்ணால வகுத்தா நேரா அடிச்சா எத்தனை மீட்டர் எட்டும்னு தெரியும். என் எஸ்பி-600-க்கு ஐ.எஸ்.ஓ. 100-ல, 35 மி.மீ. நிலையில 30. எஃப்/4 வச்சா ஏழரை மீட்டர். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினா ரெட்டிப்பு, பதினஞ்சு மீட்டர். சுவர்லயோ வேட்டியிலயோ பட்டுத் திரும்பும்போது வெளிச்சத்துல பெரும் பங்கு செத்துடும், அதனால ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காம ஏத்துங்க.

4. ஒரு படத்துக்குள்ள ரெண்டு வெளிச்சம் இருக்கு. ஃப்ளாஷ் ஆயிரத்துல ஒரு பங்கு நொடி மின்னி மறையுது. அறையோட வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கு. அதனால ஷட்டர் நேரத்தைக் கூட்டினா அறை வெளிச்சம் கூடும், ஃப்ளாஷ் கூடாது. நான் 1/125, எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 200-ன்னு வச்சதாலதான் குத்துவிளக்கு இருந்தும் கூடம் கிணறா வந்துச்சு. 1/60, எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 1600-லேருந்து ஆரம்பிங்க. பின்னால இருக்கற ஜனங்களும் விளக்கும் படத்துக்குள்ள வந்து சேரும்.

5. ஃப்ளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சம் மாதிரி, ஏறக்குறைய 5500 கெல்வின். மஞ்சள் பல்பு 2700-லேருந்து 3200. ரெண்டும் கலந்தா முகம் நீலம், பின்னணி ஆரஞ்சு. ஃப்ளாஷ் மேல ஒரு ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, காமிராவுல வெள்ளைச் சமநிலையை டங்ஸ்டன்ல வச்சா ரெண்டும் ராசியாயிடும்.

6. காமிராவுக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பலா இருக்கணும். வெள்ளை வேட்டி, ஜரிகையைப் பார்த்ததும் வெளிச்சம் ஜாஸ்தின்னு பயந்து குறைச்சுடும், முகம் இருண்டுடும். ஃப்ளாஷ் அளவை முக்கால் ஸ்டாப்பிலேருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்துங்க. முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க, வேட்டியைப் பார்த்து இல்லை.

7. டியூப்லைட் துடிக்கும். ஊர்ல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், நொடிக்கு நூறு துடிப்பு; இங்கே 60, நூத்தியிருபது துடிப்பு. ஃப்ளாஷ் இல்லாம எடுக்கும்போது ஊர்ல 1/50 அல்லது 1/100, இங்கே 1/60-ன்னு வச்சா படத்துக்குப் படம் நிறம் மாறாது. மலிவு எல்.இ.டி. விளக்குக்கும் இந்த வியாதி உண்டு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல கோடு கோடா விழும்.

8. முழு பலத்துல அடிச்சா ஃப்ளாஷ் திரும்ப நிரம்ப மூணு நாலு நொடி ஆகும். சார்ஜ் பண்ற பேட்டரி ரெண்டு செட் வச்சுக்கோங்க. அதைவிட முக்கியம், நடக்கப் போறது என்னன்னு தெரிஞ்சு, அதுக்கு முன்னாடி சும்மா அடிக்காம கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. தாலி கட்டுற நொடி ரெண்டாந்தடவை வராது.

9. அரங்கேற்றத்துல ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுற குழந்தைக்கு மேடை ஓரம் தெரியாமப் போகும். பிறந்த குழந்தை, கண்ணு ஆபரேஷன் ஆனவங்க, விளக்கேத்தற நேரம், அங்கேயும் வேண்டாம். டி70-ல ஐ.எஸ்.ஓ. 1600-தான் எல்லை, அதுலயே மணல் கொட்டும். இன்னைக்கு இருக்கற காமிராவுல 6400 வச்சாலும் அச்சுப் போடலாம். அப்ப எங்களுக்கு வேற வழி இல்லைன்னு ஒரு சாக்காவது இருந்துச்சு. உங்களுக்கு அதுவும் இல்லை.

தம்பி பொறுமையாக் கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் கூரையில அடிச்சு எடுத்தார். பாட்டி முந்தானையைக் கீழே விட்டுட்டு, பேத்தி கையில வளையலை எண்ண ஆரம்பிச்சாங்க.

ஆச்சி 2009-ல போய்ச் சேர்ந்தாங்க. கல்யாணம் முடிஞ்சு நான் கிளம்புற அன்னைக்கு விபூதி பூசிவிட்டு, "போட்டோ எல்லாம் நல்லா வந்துதால?"ன்னு கேட்டாங்க. மின்னலைப் பத்திப் பேச்சே எடுக்கலை. மன்னிப்புக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "சூப்பரா வந்திருக்கு ஆச்சி"ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டேன். அப்புறம் போன்ல எத்தனையோ தடவை பேசினோம். கேக்கலை.

தங்கச்சி இப்ப துபாய்ல. அந்தச் சங்கிலி அவ கழுத்துலதான் இருக்கு. ஒவ்வொரு தடவை பேசும்போதும் இல்லைன்னாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுடுவா. "அண்ணா, ஆச்சி எனக்குச் சங்கிலி போடுற மாதிரி ஒரு படம் இருக்கா?"

இருக்கு. அஞ்சு ஹார்ட் டிஸ்க் மாத்தியாச்சு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்புப் படத்தையும் மறக்காமக் கூடவே எடுத்துட்டு வந்திருக்கேன். ஜேபெக்ல எடுத்தது, எந்த மென்பொருளாலயும் தூக்கி நிறுத்த முடியலை. எவ்வளவு வெளிச்சம் ஏத்தினாலும் வெறும் கோடும் புள்ளியும்தான். இடது மூலையில குத்துவிளக்குச் சுடர் ஒண்ணு மட்டும் தெரியும். அதை அவளுக்கு அனுப்பினதில்லை. "தேடுறேன்மா"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இந்தத் தடவை கேட்டா உண்மையைச் சொல்லிடணும். படம் இல்லைங்கறதை மட்டும் இல்லை, அன்னைக்கு ஆச்சிக்கு அவ முகம் ஏன் தெரியலைங்கறதையும்.